கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால்

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இருந்த தீராத வயிற்றுவலி இந்தச் சன்னிதியில்தான் தீர்ந்தது என்பது ஊர்வழக்கு. அதன்பின் இங்கே உச்சிக்காலப் பூசை முடிந்த செய்தி வந்து சேர்ந்த பிறகே அவர் மதுரையில் சாப்பிட உட்காருவாராம். செய்தி போவதற்காக வழிநெடுக மண்டபம் கட்டி முரசு வைத்தார்கள், ஒரு முரசின் ஒலி கேட்டதும் அடுத்தவர் அடிப்பார் என்கிறார்கள். ஆண்டாள் கோயிலோடு சேர்த்து இதே கதையைச் சொல்வோரும் உண்டு. கதை எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நடந்திருக்கக் கூடியதா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மதுரைக்குத் தூரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 340-ஐ 200-ஆல் பெருக்கினால் 68,000. இன்னும் 20 நொடி சேர்த்தால் 74,800. ஆக ஒலிக்கு மட்டும் 220 நொடி போதும். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்றால் 25 மண்டபம். ஒவ்வொருவரும் கேட்டுவிட்டுக் கோலை எடுத்து அடிக்கப் பத்து நொடி என்றால் 250 நொடி. எல்லாம் சேர்ந்தும் எட்டு நிமிடம் ஆகவில்லை. இலையில் போட்ட சோறு ஆறுவதற்குள் செய்தி வந்துவிடும்.

இந்தக் கணக்கில் துல்லியமான எண் ஒன்றுகூட இல்லை. தூரம் குத்துமதிப்பு, மண்டபத்தின் இடைவெளி ஊகம், அடிப்பவரின் வேகமும் ஊகம். ஆனாலும் கிடைத்த விடையை நம்பலாம், ஏனென்றால் ஊகங்கள் கொஞ்சம் பிசகினாலும் எட்டு நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடாது. பெருக்கலும் மதிப்பீடும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் தமிழ்நாட்டில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டன. இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பாடமாக்கியது அண்மைக்கால வழக்கம். பிரித்ததில் பிள்ளைகள் இழந்தது அதிகம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. அரிச்சுவடி முடிந்ததும் எண்சுவடி. ஒன்று, பத்து, நூறு என்று மேலே ஏறும் எண்களை மட்டும் படித்தால் போதாது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று கீழே இறங்கும் பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. காணியைக் காணியால் பெருக்கினால் 6,400-இல் ஒரு பங்கு. இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள் மனத்தில் வைத்திருந்தார்கள். இவற்றோடு சேர்ந்து பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற அளவை வாய்பாடுகளும் வந்தன. நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் இன்னும் கீழே போய், 360 நெல்மணி கொண்டது ஒரு செவிடு என்கிறது. அப்படியானால் ஆழாக்குக்கு 1,800 மணி, உழக்குக்கு 3,600, உரிக்கு 7,200, நாழிக்கு 14,400. கலத்துக்கு 13,82,400. இந்த ஏணியில் ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்குப் பல இலக்கப் பெருக்கல் என்று தனியாக ஒரு பாடம் எதற்கு? கையில் அள்ளிய நெல் எவ்வளவு, கண்ணெதிரே குவிந்த நெல் எவ்வளவு என்ற கேள்விக்குள்ளேயே பெருக்கல் இருந்தது.

இந்த வட்டாரத்துக் களத்தில் அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் நெல்லுக்குப் பெரிய அளவு கோட்டை. கோட்டைக்கு 21 மரக்கால். மரக்காலுக்கு எட்டுப் படி. களத்தில் மரக்காலால் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார்; பிறகு இரண்டு, மூன்று என்று போகும். ஒரு அம்பாரத்தைச் சுற்றி வந்து, முப்பத்தேழு கோட்டை தேறும் என்கிறார் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மரக்கால் அளக்க வேண்டியிருக்கும்? முப்பது இருபது அறுநூறு. முப்பது ஒன்று முப்பது. ஏழு இருபது நூற்றுநாற்பது. ஏழு ஒன்று ஏழு. ஆக 777 மரக்கால். படியில் சொன்னால் ஏழு நூறு எட்டு 5,600, எழுபது எட்டு 560, ஏழு எட்டு 56, மொத்தம் 6,216.

கணக்கு எந்த வரிசையில் நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழந்தமிழ் எண்முறையில் சுழியும் நிலைமதிப்பும் வழக்கில் இல்லை. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்று எழுத, வாயால் சொல்வது போலவே ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றின் குறிகளை இடையிடையே போட்டு ௨௲௩௱௪௰௫ என்றே எழுதினார்கள். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வலது ஓரத்திலிருந்து தொடங்கி, மீதியை மேலே ஏற்றிப் போடும் இன்றைய பெருக்கலுக்கு இந்த எழுத்தில் இடமில்லை. எண்ணை அதன் பகுதிகளாகப் பிரித்துப் பெருக்கிக் கூட்டுவதுதான் இயல்பான வழி. பேச்சும் எழுத்தும் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவதால் கணக்கும் அப்படியே இறங்கியது. ‘முப்பது இருபது அறுநூறு’ என்று சொன்ன கணத்திலேயே விடையின் பருமன் தெரிந்துவிடுகிறது. அடுத்து வருபவை திருத்தங்கள். இன்றைய காகிதக் கணக்கில் முதலில் கிடைப்பது ஒன்றாம் இலக்கம். விடை எழுநூற்றுச் சொச்சமா ஏழாயிரமா என்பது கடைசியில்தான் தெரியும். நடுவில் ஒரு சுழி தவறினால் பிள்ளைக்கு அது உறைப்பதில்லை. 1825-இல் அச்சான கணித தீபிகை போன்ற நூல்கள் சுழியையும் நிலைமதிப்பையும் தமிழ்ப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தன. அது பெரிய நன்மை, அதைக் குறைசொல்ல எதுவுமில்லை. நீண்ட கணக்குகளைச் சுருக்கமாகப் போட அதைவிடச் சிறந்த கருவி வேறு கிடையாது. ஆனால் வாயில் பெரியதை முதலில் சொல்லும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிட வேண்டிய அவசியம் இருந்ததா என்பதே கேள்வி.

கணக்கதிகாரத்தில் உள்ள இரண்டு விதிகள் இந்த வாதத்துக்கு மிகவும் உதவுகின்றன. பலாப்பழத்தை அறுக்காமல் சுளை எத்தனை என்று அறிய, காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது ஒன்று. முள் 85 என்றால் 510. அதை ஐந்தால் வகுத்தால் 102 சுளை. மற்றது பூசணிக்காய்க்கு. அதன் கீற்றுகளை எண்ணி, மூன்றால் பெருக்கி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, வந்ததில் பாதியைத் தள்ளி, மூன்றால் வகுத்தால் விதை வரும் என்கிறது. பன்னிரண்டு கீற்று என்றால் 36, 216, 1,080, பாதி 540, மூன்றில் ஒன்று 180. கவனித்துப் பார்த்தால் இந்தச் சுற்று முழுவதும் ‘கீற்றைப் பதினைந்தால் பெருக்கு’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். விதையின் எண்ணிக்கை மட்டும் வேண்டியிருந்தால் அந்த ஒரு வரி போதுமே. மூன்று பெருக்கல், ஒரு பாதி, ஒரு வகுத்தல் என்று சுற்றிவளைத்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: இது பயிற்சி. பிள்ளை எண்ணை ஏற்றி இறக்கிப் பழக வேண்டும், கடைசியில் காயை அறுத்து விதையை எண்ணித் தன் கணக்கைத் தானே சோதிக்கவும் முடிய வேண்டும். விடை சரியா என்று சொல்ல அங்கே வாத்தியார் வேண்டியதில்லை, பூசணிக்காயே சொல்லிவிடும்.

பலாவுக்கு இந்த விதி பொருந்துவதில்லை, இயற்கை இப்படிக் கட்டுப்பட்டு நடக்காது, இதைப் போய்க் கணிதம் என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழத்துக்குப் பழம் விடை மாறும், துல்லியத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இந்த விதிகளைக் காட்டி முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவோரும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் மதிப்பீட்டை அளக்கும் கோல் வேறு. நூற்றிரண்டு என்று சொல்லித் தொண்ணூற்றைந்து வந்தால் அது நல்ல மதிப்பீடு. ஆயிரம் என்று சொன்னால் கெட்டது. இந்த வேறுபாட்டை உணரும் பிள்ளைக்குத்தான் எண் வசப்படுகிறது.

வெறும் மனப்பாடம்தானே, பிரம்படிக்குப் பயந்து உருப்போட்டதுதானே என்பது அடுத்த மறுப்பு. பிரம்படி இருந்தது உண்மை, அதை யாரும் போற்ற வேண்டாம். ஆனால் தமிழ்க் கணக்கு மரபை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செந்தில் பாபு, திண்ணைப் பள்ளியின் நினைவாற்றல் பொருள் புரியாத ஒப்பித்தலாக இருக்கவில்லை, அதுவே கற்கும் முறையாக இருந்தது என்று காட்டுகிறார். நெல்லிலக்கம் உருப்போட்ட பிள்ளை வீட்டுக்குப் போனால் அம்மா கையில் உழக்கு இருந்தது, களத்துக்குப் போனால் மரக்கால் இருந்தது. உருப்போட்ட சொல்லுக்கான பொருளைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதியதையும் மூத்த பிள்ளை இளையதுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் பார்த்து, அதை ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவர் மணலையும் சட்டாம்பிள்ளையையும் கொண்டுபோனார்; உழக்கும் மரக்காலும் இங்கேயே நின்றுவிட்டன.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு, இந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது என்பது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டு வாங்கிய விவரங்களின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. மக்கள்தொகை 1,28,50,941. தம் 1826-ஆம் ஆண்டுக் குறிப்பில் மன்றோவும் ஒரு மதிப்பீடு செய்கிறார்: மக்களில் பாதி ஆண்கள், அதில் ஒன்பதில் ஒரு பங்கு ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவர்கள் என்று கொண்டால் சுமார் 7,13,000 பேர், பள்ளியில் இருந்த சிறுவர்கள் 1,84,110. நாலில் ஒன்றுக்குச் சற்று அதிகம். வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒன்றை நெருங்கும் என்றார். அப்படியும் பெரும்பாலானோர் வெளியேதான் நின்றார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. கணக்குப்பிள்ளையின் கணக்கு கூலிக்காரரை ஏமாற்றவும் பயன்பட்டது. வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்கச் சிறிய மரக்கால் வைத்திருந்த வீடுகள் இருந்தன. இதை மறைத்துவிட்டுத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. எழுத்து மறுக்கப்பட்டவர்களும் கண்மதிப்பால் குவியலைச் சொன்னார்கள், கைப்பிடியால் நிறையைச் சொன்னார்கள். அளவு குறைந்தது என்று எதிர்த்துக் கேட்க அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த மதிப்பீடுதான். ஏமாறாமல் இருப்பதற்கான கணக்கு எல்லாருக்கும் உரியது.

அளவைகளே செத்துவிட்டன, இனி நாழியும் கோட்டையும் எதற்கு என்பது கடைசி மறுப்பு. 1957 ஏப்ரல் 1-இல் பதின்மக் காசு வந்தது, ரூபாய்க்குப் பதினாறு அணா, 192 பை என்ற கணக்கு போயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் மெட்ரிக் அளவுகளும் வந்தன. ஊருக்கு ஊர் மாறிய மரக்கால் ஒழிந்தது ஏழைக்கு நல்லதே. ஆனால் அளவைகள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. பக்கத்து ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். நூற்பாலையில் நூலின் நம்பர் என்பதே ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு நிறையில் எத்தனை சிட்டம் என்பதே நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 840-ஐ நாற்பதால் பெருக்கி 33,600 கஜம். அறுபதாம் நம்பர் என்றால் 50,400. ஒரு பவுண்டு பஞ்சு இழுபட்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் நூலாகிறது. மடவார் வளாகத்திலிருந்து நீட்டினால் ராஜபாளையத்தைத் தாண்டியும் மீதி இருக்கும். ஆலையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறையில் இந்தக் கணக்கைப் போட என்ன தடை?

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் செயல்வழியில் எண் அறிவைத் தர முயல்கிறது. அந்த வகுப்பில் ஓர் உழக்கையும் கொஞ்சம் நெல்லையும் கொண்டுபோய் வைக்கலாம். முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்லச் சொல்லி, அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு, பிறகு கணக்கைப் போடச் சொல்லலாம். 3,600 மணி வருகிறதா என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும். இன்றைய நெல் பருமன் வேறு என்பதால் வராது. எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று அவர்களே பேசட்டும். இன்னொரு வேண்டுகோள் வீடுகளுக்கு. இந்த வட்டாரத்துப் பழைய கணக்குப்பிள்ளை வீடுகளின் பரணில் எண்சுவடி, நெல்லிலக்க ஏடு எதுவும் கிடந்தால் பழுப்பேறிய ஓலை என்று அடுப்பில் போட்டுவிட வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் கணக்கதிகாரத்தை அச்சிட்டிருக்கிறது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எழுதிப் போடுங்கள்.