பெயர் கேளாமல் இட்ட உணவு

"வயிற்றுக்குத்து" என்று வரும் பிள்ளையிடம் "காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்கும் வைத்தியர்களாகிய நாம், வெறும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறவாமல் வைத்திருந்த வகுப்புத் தோழியையும் நினைக்கிறோம். பசியிலும் வெட்கம் கொடியது.

ஐக்கிய அமெரிக்காவில் 1946இல் ட்ரூமன் ஒப்பமிட்ட சட்டம் பாடசாலை மதிய உணவுக்கு நிலையான அரச நிதி தந்தது. 1998இல் பாடசாலை விட்டபின் சிற்றுண்டிக்கும் நிதி விரிந்தது. 2010இல் ஒபாமா ஒப்பமிட்ட சட்டம் மாலைச் சாப்பாட்டை எல்லா மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது.

பாடசாலைப் பிள்ளைகளில் அரைவாசிப் பேராவது இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் பகுதியில், மாலை வகுப்புக்கு வரும் 18 வயது வரையான எல்லோருக்கும் அது இலவசம். தனித்தனியே வீட்டு வருமானம் கேட்பதில்லை.

நூறாண்டு கண்ட எம் சங்கமும் உதவட்டும். உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு அழைக்காதிருப்போம்.