நாள் குறிப்பும் ஹிஜ்ரிக் கணக்கும்

திருவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள சுந்தரபாண்டியம், தன் பெயரிலேயே பாண்டியரை நினைவூட்டும் ஊர். பாண்டியர் கல்வெட்டுகளைப் படிக்கப் புகுவோர் பெரிதும் தடுமாறுவது நாள் குறிப்பில்தான். 'இரண்டாவதின் எதிர் பதினொன்றாவது' என்பது போல ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆண்டெனக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். அம்முறைக்கான விளக்கத்தைப் பொறித்தோர் விட்டுச் செல்லவில்லை. கீல்ஹார்னும், பின்னர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும், உடன் பொறித்திருந்த கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றின் துணைகொண்டே அந்நாட்களைக் கணித்தனர்.

எம்முறையில் எழுதினோம் என்பதைச் சொல்லாமல் விடும் இக்குறை கல்லெழுத்தோடு முடிந்துவிடவில்லை. இன்று நாட்காட்டிக்கும் பதிவேட்டுக்கும் ஹிஜ்ரித் தேதியைக் கணினி எழுதித் தருகிறது. நிரல் எழுதுவோர் அதைத் தாமே கணக்கிடுவதில்லை. நிரல் நூலகத்தில் ஆயத்தமாக இருக்கும் செயற்கூறுகளை அழைத்துக் கொள்கின்றனர். அச்செயற்கூறு எக்கணக்கின்படி இயங்குகிறது என்பதை அந்நூலகத்தின் விளக்க ஆவணத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் டாட் நெட் நூலகத்தில் இரு கணக்குகள் உள்ளன. ஒன்று பழைய அட்டவணைக் கணக்கு: முப்பதாண்டுச் சுழற்சியில் பதினோராண்டுகளுக்கு 355 நாட்கள், எஞ்சியவற்றுக்கு 354. மற்றது சவூதி அரேபியாவின் உம்முல் குரா. ஹிஜ்ரி 1318 முதல் 1500 வரைக்கு மட்டுமே அது செல்லும். முன்னதில் இரண்டு நாள் வரை கூட்டவோ குறைக்கவோ இடம் விட்டு, அதை ஆவணத்திலும் எழுதியுள்ளனர். அட்டவணை வேறு, பிறை வேறு என்பதை ஒப்புக்கொண்ட நேர்மையாகவே இதை நாம் கருதுகிறோம். 2014இல் வெளிவந்த ஜாவா எட்டாம் பதிப்பு உம்முல் குராவை ஏற்றது.

2023இல் சவூதியில் ஏப்ரல் 21 ஷவ்வால் முதல் பிறை. தமிழகத்தில் பெருநாள் ஏப்ரல் 22. உம்முல் குராவின்படி இயங்கும் நிரல் நம் பெருநாளை ஷவ்வால் இரண்டு என்றே அச்சிடும். மேலும், ஹிஜ்ரி நாள் மஃரிபில் பிறக்கிறது. பொதுவாகக் கணினியில் நள்ளிரவில்தான் தேதி மாறுகிறது. இஷாவுக்குப் பின் நடந்த நிகாஹுக்கு முந்தைய நாளின் தேதி விழுந்துவிடக் கூடும். இத்தாவும் ஸகாத்தும் சந்திர மாதங்களைக் கொண்டு எண்ணப்படுபவை. அங்கே ஒரு நாள் சிறிதன்று.

பழைய மீசான் கற்களின் ஆண்டைப் பெயர்த்தெழுதுவோர்க்கும் இது பொருந்தும். ஹிஜ்ரி 1318க்கு முற்பட்ட தேதிக்கு டாட் நெட்டின் உம்முல் குரா உதவாது. அட்டவணைக் கணக்கோ ஓரிரு நாள் பிறழலாம். கல்லில் 'வெள்ளி' என்றோ 'திங்கள்' என்றோ ஒரு சொல் இருந்துவிட்டால், அப்பிறழ்வை அதைக் கொண்டே திருத்திக் கொள்ளலாம். சாமிக்கண்ணுப் பிள்ளைக்கும் கைகொடுத்தவற்றுள் ஒன்று அக்கிழமைதான்.