வீடற்றோருக்காக ஆண்டுக்கு 100 கோடி டாலர் வரி... கணக்கு எங்கே? லாஸ் ஏஞ்சல்ஸில் நடப்பது என்ன?

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் ஹாலிவுட்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நகரின் மாநகராட்சிக் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஸ்கிட் ரோ என்றொரு பகுதி இருக்கிறது. நடைபாதை முழுக்கக் கூடாரங்கள். அதில்தான் தூக்கம், சமையல், வாழ்க்கை எல்லாம்.

இவர்களுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று அந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு, தங்கள் மீது தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். அதுவும் ஒருமுறை அல்ல, நான்கு முறை! ஆனால் சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பணம் எங்கே போனது என்று நீதிமன்றமே கேட்கும் நிலை வந்தது. என்ன நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

எத்தனை பேருக்கு வீடில்லை?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், அதே பெயர் கொண்ட கவுன்ட்டிக்குள் இருக்கிறது. கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. இதில் 88 நகரங்கள், சுமார் ஒரு கோடி மக்கள். 2024 கணக்கெடுப்பின்படி கவுன்ட்டி முழுக்க 75,312 பேருக்கு வீடில்லை. அதில் 45,252 பேர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் இருந்தவர்கள். 2025-ல் கவுன்ட்டியின் எண்ணிக்கை சுமார் 4 சதவீதம் குறைந்து 72 ஆயிரம் அளவுக்கு வந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கொடுத்த நான்கு திட்டங்கள் இவைதான்:

* 2016 நவம்பர்: நகர எல்லைக்குள் வீடற்றோருக்கான குடியிருப்புகள் கட்ட 120 கோடி டாலர் கடன் பத்திரம். 10 ஆண்டுகளில் 10,000 வீடுகள் என்பது இலக்கு. கடனைச் சொத்து வரி மூலம் மக்கள் அடைக்க வேண்டும்.

* 2017 மார்ச்: கவுன்ட்டி முழுக்கக் கால் சதவீத கூடுதல் விற்பனை வரி. ஆண்டுக்குச் சுமார் 35.5 கோடி டாலர் கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

* 2022 நவம்பர்: நகரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் விற்பனை மீது கூடுதல் வரி. 'மாளிகை வரி' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

* 2024 நவம்பர்: கால் சதவீத விற்பனை வரிக்குப் பதிலாக அரை சதவீத வரி. 2025 ஏப்ரல் 1 முதல் அமல். ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் எதிர்பார்ப்பு.

அதாவது கடையில் 100 டாலருக்குப் பொருள் வாங்கினால், 50 சென்ட் இதற்காகப் போகும். இதுபோக மாநில அரசும் மத்திய அரசும் தனியாக மானியம் தருகின்றன.

யார் செலவு செய்கிறார்கள்?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். 1993-ல் நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வீடற்றோர் சேவை ஆணையத்தை உருவாக்கின. சுருக்கமாக 'லாசா'. நகரம், கவுன்ட்டி, மாநிலம், மத்திய அரசு ஆகியவற்றின் நிதி இதன் வழியாகப் போய்வந்தது. லாசா நேரடியாக எல்லா வேலையையும் செய்யாது. தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுக்கும். அவர்கள் தங்குமிடம் நடத்துவார்கள், தெருவில் இருப்பவர்களைச் சந்தித்துப் பேசுவார்கள், வாடகை வீடு தேடித் தருவார்கள்.

ஒரு டாலர் வரி, தெருவில் இருக்கும் ஒருவருக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று நான்கு கைகள் மாறும். ஒவ்வொரு கையிலும் கணக்கு சரியாக இருந்தால்தான் கடைசியில் விடை கிடைக்கும்.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு வழிகள்.

முதலாவது, தலைக் கணக்கு. வழக்கமாக ஜனவரியில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மூன்று நாட்கள் தெருத்தெருவாகப் போய் ஆட்களையும் கூடாரங்களையும் வாகனங்களில் வசிப்பவர்களையும் எண்ணுவார்கள். மத்திய அரசின் மானியம் வேண்டுமென்றால் இந்தக் கணக்கு அவசியம். நம் நாட்டிலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடற்றோரை பிப்ரவரி 28 இரவில்தான் எண்ணினார்கள். சுமார் 17.7 லட்சம் பேர் என்று தெரியவந்தது.

ஆனால் கூடாரத்தை வெளியிலிருந்து பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. கூடாரமே இல்லாமல் ஒரு மூலையில் படுத்திருப்பவர் கண்ணில் படாமலும் போகலாம். ராண்ட் ஆய்வு நிறுவனம் ஹாலிவுட், ஸ்கிட் ரோ, வெனிஸ் ஆகிய மூன்று பகுதிகளில் தனியாக எண்ணிப் பார்த்து, அரசுக் கணக்கில் பலர் விடுபடுவதாகச் சொன்னது.

இரண்டாவது, கணினிப் பதிவு. உதவி பெறும் ஒவ்வொருவரின் விவரமும் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் ஏறும். எந்த நாளில் தங்குமிடத்துக்கு வந்தார், எப்போது வெளியேறினார், நிரந்தர வீட்டுக்குப் போனாரா, திரும்பத் தெருவுக்கே வந்துவிட்டாரா என்பதெல்லாம் இதில் இருக்க வேண்டும். தொண்டு நிறுவன ஊழியர் பதிவு செய்யாமல் விட்டால், அந்த மனிதர் என்ன ஆனார் என்பதே தெரியாமல் போய்விடும்.

தணிக்கையில் சிக்கியது எப்படி?

2022-ல் நகரக் கணக்குத் தணிக்கையாளர் ஒரு அறிக்கை வெளியிட்டார். 2016 கடன் பத்திரப் பணத்தில் கட்டப்பட்டு வந்த வீடு ஒன்றுக்குச் சராசரியாக 6 லட்சம் டாலர் அளவுக்குச் செலவாகிறது என்றார். ஒரு திட்டத்தில் அது 8 லட்சம் டாலரைத் தாண்டியது.

2024 ஏப்ரலில் கலிபோர்னியா மாநிலத் தணிக்கைத் துறையின் அறிக்கை. ஐந்து ஆண்டுகளில் மாநிலம் முழுக்கச் சுமார் 2,400 கோடி டாலர் செலவாகியும், அதனால் என்ன பலன் கிடைத்தது என்பதைத் தொடர்ச்சியாகக் கண்காணிக்கவில்லை என்றது அது.

2025 மார்ச்சில் இன்னொரு அடி. வீடற்றோர் தொடர்பான வழக்கை விசாரித்து வந்த மத்திய நீதிமன்ற நீதிபதி டேவிட் கார்ட்டரின் தலையீட்டால் நடந்த தணிக்கை, நான்கு ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேலான நிதியை ஆராய்ந்தது. பணம் எதற்குப் போனது, எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை முழுமையாகத் தொடர முடியாத அளவுக்குப் பதிவுகள் சிதறிக் கிடந்தன.

இதற்கு 'பணம் திருடப்பட்டது' என்று அர்த்தமில்லை. சரியாகத்தான் செலவானது என்று நிரூபிக்கவும் வழியில்லை. சிக்கல் அதுதான்.

அடுத்து என்ன நடந்தது?

2025 ஏப்ரல் 1-ம் தேதி கவுன்ட்டியின் மேற்பார்வையாளர் குழு அதிரடி முடிவெடுத்தது. லாசாவுக்குத் தந்துவந்த 30 கோடி டாலருக்கும் மேலான ஆண்டு நிதியை நிறுத்தி, கவுன்ட்டியே தொடங்கும் புதிய துறைக்கு மாற்றுவது என்று வாக்களித்தது. சில நாட்களில் லாசாவின் தலைமை நிர்வாகி பதவி விலகுவதாக அறிவித்தார்.

புதிய அரை சதவீத வரிக்கு இலக்குகளும் வைத்திருக்கிறார்கள். 2030-க்குள் கூரையே இல்லாமல் தெருவில் வாழ்வோரின் எண்ணிக்கையை, 2024-ஐ விட 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

சரி, இவ்வளவு செலவு செய்தும் ஏன் பெரிதாகக் குறையவில்லை?

2020-ல் லாசா சொன்ன ஒரு கணக்கு இதை விளக்குகிறது. அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 207 பேர் தெருவிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். அதே நாளில் 227 பேர் புதிதாக வீட்டை இழந்தார்கள். வாடகை உயர்வுதான் இதற்கு முக்கியக் காரணம். அதனால் எண்ணிக்கை கூடியது என்பதற்காகத் திட்டம் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது, குறைந்தது என்பதற்காக வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே எத்தனை பேர் வந்தார்கள், வெளியே எத்தனை பேர் போனார்கள், போனவர்கள் ஓராண்டு கழித்தும் அதே வீட்டில் இருக்கிறார்களா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பதில் தெரியாவிட்டால் பாதிப்பு இரண்டு பக்கமும்தான். வரி கட்டுபவர் அடுத்த வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்பார். கூடாரத்தில் இருப்பவர், தன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றே தெரியாமல் காத்திருப்பார்.