மொட்டை மாடியில் ஹாம் ரேடியோ ஆன்டெனா: அமைப்பது எப்படி? எதில் எல்லாம் கவனம் தேவை?

2004 டிசம்பர் 26. அந்தமானை சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஒரு ஹாம் ரேடியோ குழு தங்கியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான அந்தக் குழு, உலகின் பல நாடுகளில் இருக்கும் ஹாம்களுடன் பேசுவதற்காகத்தான் அங்கே போயிருந்தது. தொலைபேசிகள் செயலிழந்ததும் அதே கருவிகள் மூலம் தீவுகளின் நிலவரம் வெளியே வந்து சேர்ந்தது.

காரணம் எளிமையானது. கருவியும் ஆன்டெனாவும் ஏற்கெனவே தயாராக இருந்தன. பேரிடர் வந்த பிறகு எங்கிருந்தோ கொண்டுவந்து கட்ட வேண்டிய நிலை இல்லை.

புயல் அன்று பேச வேண்டிய ஆன்டெனா, முதலில் அந்தப் புயலில் விழாமல் நிற்க வேண்டும். அது நிற்குமா, விழுமா என்பது வெயில் காலத்தில் மாடியில் செய்யும் வேலையைப் பொறுத்தது. அந்த வேலையில் கவனக்குறைவாக இருந்தால் உயிரே போகலாம். என்னென்ன கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

ஹாம் ரேடியோ யார் வைத்துக்கொள்ளலாம்?

இந்தியாவில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் நடக்கும் தேர்வில் தேர்ச்சி பெற்று, உரிமம் வாங்கியவர்கள் மட்டுமே ஹாம் ரேடியோவில் பேச முடியும். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். உரிமம் கிடைத்தால் 'வியூ2', 'வியூ3' என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு தரப்படும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவரது குறியீடு 'வியூ2ஆர்ஜி'.

உரிமம் இல்லாமல் ஆன்டெனா கட்டி ஒலிபரப்பு செய்வது சட்டப்படி குற்றம்.

உயரமான டவர் கட்டாயமா?

பலரும் நினைப்பது போல இல்லை. எந்த அலைவரிசையில், யாரோடு பேசப் போகிறோம் என்பதை வைத்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

வாக்கி டாக்கி போன்ற கருவிகள் வேலை செய்யும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உயரம் முக்கியம். அந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 'ரேடியோ அடிவானம்' சுமார் 13 கிலோமீட்டர். அதை இரண்டு மடங்காக்கி 26 கிலோமீட்டர் ஆக்க வேண்டும் என்றால், உயரத்தை 40 மீட்டராக, அதாவது நான்கு மடங்காக உயர்த்த வேண்டும். செலவும் ஆபத்தும் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை உச்சியில் ரிப்பீட்டர் வைப்பது இதனால்தான்.

7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கதையே வேறு. இங்கே ஆன்டெனாவை 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால், அலைகள் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் கீழே இறங்கும். பகல் நேரத்தில் நாகப்பட்டினத்தில் இருந்து சென்னைக்குப் பேச இது போதும். நடுவில் ரிப்பீட்டர் தேவையில்லை, செல்போன் டவரும் தேவையில்லை.

இதற்கு வேண்டியது 'டைபோல்' எனும் கம்பி ஆன்டெனா. 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர். நடுவில் இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 10 மீட்டர். நடுவில் ஒரே ஒரு கம்பம் நட்டு, இரண்டு முனைகளையும் கூரை போலச் சரித்துக் கட்டினால் 'இன்வெர்ட்டட் வி' ஆன்டெனா தயார்.

ஒரு எச்சரிக்கை. ஒலிபரப்பு நடக்கும்போது டைபோலின் முனைகளில் மின்னழுத்தம் அதிகமாக இருக்கும். தொட்டால் தீக்காயம் ஏற்படும். துணி காயப்போட வருபவர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் முனைகள் இருக்க வேண்டும்.

முதல் எதிரி மின்கம்பி

ஆன்டெனா வேலையில் மிகப் பெரிய ஆபத்து காற்றோ இடியோ அல்ல, மின்கம்பி. நம் தெருக்களில் போகும் 11 ஆயிரம் வோல்ட் கம்பிகள் பல இடங்களில் உறை இல்லாதவை. இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போது கை நழுவி, குழாய் கம்பி பக்கம் சாய்ந்தால், பிடித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் ஷாக் அடிக்கும். 'மூங்கில்தானே, ஒன்றும் ஆகாது' என்று நினைப்பதும் தவறு. ஈரமான மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும்.

பின்பற்ற வேண்டிய விதி இது: கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும், அதன் எந்தப் பகுதியும் மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள், அதாவது 10 அடிக்குள் போகக் கூடாது.

உதாரணத்துக்கு, கம்பம் 9 மீட்டர், அதற்கு மேல் ஆன்டெனா 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 மீட்டர். அதோடு 3 சேர்த்தால் 15. கம்பத்தின் அடியில் இருந்து 15 மீட்டருக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக் கூடாது. மாடியில் இருந்து சரிந்து கீழே விழுந்தால் இன்னும் தூரம் போகலாம் என்பதால் கூடுதல் இடைவெளி நல்லது. வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பி ஆன்டெனாவை மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்காகக் கொண்டுபோகக் கூடாது. ஈ.பி. கம்பத்தில் முனையைக் கட்டுவது கூடவே கூடாது.

அனுமதி வாங்க வேண்டுமா?

விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு உண்டு. கட்டடம் மட்டுமல்ல, டவருக்கும் அது பொருந்தும். எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் வரை போகலாம் என்பதை வண்ண வரைபடமாக இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட வேண்டும்.

வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடமும், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்திடமும் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்குவது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

டவரை நிற்க வைப்பது எது?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது டவர் மீது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் அசையாத கம்பம், 120 கிலோமீட்டர் காற்றில் நிற்கும் என்று சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்த வேகத்தை மனதில் வைத்துத்தான் டவரைத் திட்டமிட வேண்டும்.

தரையில் டவர் என்றால் கான்கிரீட் அடித்தளம் வேண்டும். கான்கிரீட் முழு வலிமை பெறக் கணக்கிடும் காலம் 28 நாட்கள். நாலு நாளில் இறுகிவிட்டது என்று டவரை ஏற்றக் கூடாது.

ஸ்டே ஒயர் கட்டும் டவர் என்றால், மூன்று திசைகளில் 120 டிகிரி இடைவெளியில் கட்ட வேண்டும். டவர் உயரத்தில் 60 முதல் 80 சதவீதம் வரையிலான தூரத்தில் ஒயரைத் தரையில் பிணைப்பது வழக்கம். 12 மீட்டர் டவருக்கு இது சுமார் 7 முதல் 10 மீட்டர்.

மொட்டை மாடியில் பலர் செய்யும் தவறு, ஸ்டே ஒயரைக் கைப்பிடிச் சுவரில் கட்டுவது. செங்கல் சுவர் பக்கவாட்டு இழுவைத் தாங்காது. காற்றில் சுவரே பெயர்ந்து தெருவில் விழலாம். கட்டடத்தின் தூண் அல்லது பீம் மீது பிணைப்பதுதான் பாதுகாப்பு. எந்த இடம் தாங்கும் என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒயரை மடக்கி 'யு' கிளாம்ப் போடும்போதும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கிளாம்பின் தட்டைப் பகுதி இழுவை தாங்கும் நீள ஒயர் மீதும், வளைந்த 'யு' போல்ட் மடக்கிய சின்ன முனை மீதும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் ஒயரையே போல்ட் நசுக்கிவிடும். ஒயரை இறுக்கும் டர்ன்பக்கிளின் ஓட்டை வழியாக ஒரு பாதுகாப்புக் கம்பியைக் கோத்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்றின் அதிர்வில் அது தானாகவே கழன்று வரும்.

டவரில் ஏறும்போது

'ரெண்டு நிமிஷ வேலைதான், பெல்ட் எதுக்கு?' என்ற எண்ணம்தான் விபத்தில் முடிகிறது. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸ் வேண்டும். அதில் இரண்டு கொக்கிக் கயிறுகள் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றொன்று மாட்டியபடியே இருக்க வேண்டும். எந்த நொடியிலும் பிடிமானம் இல்லாமல் இருக்கக் கூடாது.

தனியாக ஏறக் கூடாது. கீழே உதவிக்கு ஒருவர் ஹெல்மெட்டோடு, டவருக்கு நேர் அடியில் இல்லாமல், சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். ஒலிபரப்புக் கருவியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். மழை, பலத்த காற்று, தூரத்தில் இடிச் சத்தம் என எது இருந்தாலும் அன்று வேலை கிடையாது. உயரத்தை ஏற்றி இறக்கும் வகை டவரில், அதை முழுவதும் இறக்காமல் அல்லது பாதுகாப்புப் பூட்டுப் போடாமல் ஏறவே கூடாது.

இடி மின்னலுக்கு என்ன வழி?

டவரின் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி எர்த் ராடு அடித்து, அவற்றை டவரோடும் ஒன்றோடொன்றும் இணைக்க வேண்டும். இந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் சேர்த்துவிட வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மின்னல் நேரத்தில் அவற்றுக்கு இடையே பெரிய மின்னழுத்த வேறுபாடு வரும். அது கருவி வழியாகப் பாயும்.

எர்த் கம்பியை நேராக, குறுகிய தூரத்தில் கீழே இறக்க வேண்டும். சுவர் மூலைகளில் செங்குத்தாக மடக்கக் கூடாது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் பொருத்த வேண்டும். இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கருவியில் இருந்து கழற்றி வெளியே போட்டுவிடுவது நல்லது. இடி தொடங்கிய பிறகு அதைத் தொடக் கூடாது.

பராமரிப்பு: எதை, எப்போது பார்க்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை செக் பண்ணினால் போதும்.

* இணைப்புகள்: ஆன்டெனா கேபிள் கெட்டுப்போக முக்கியக் காரணம், கனெக்டர் வழியாக உள்ளே போகும் தண்ணீர். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை மூன்று சுற்றாவது சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால் நீர் உள்ளே வராமல் கீழே சொட்டிவிடும்.
* துரு: கடலோர ஊர்களில் உப்புக் காற்று போல்ட்டுகளைச் சீக்கிரம் அரிக்கும். செம்புக் கம்பியைத் துத்தநாகம் பூசிய டவர் காலில் நேரடியாக இறுக்கினால் பூச்சு போய்விடும். நடுவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைக்க வேண்டும்.
* கயிறு: சாதாரண நைலான் கயிறு வெயிலில் உலர்ந்து நொறுங்கும். நாரு நாராகப் பிரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.
* ஸ்டே ஒயர்: மூன்றும் ஒரே அளவு இறுக்கமாக இருக்கின்றனவா, டவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கலாம்.
* எஸ்டபிள்யூஆர்: ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு இது. கட்டிய முதல் நாளே அளந்து குறித்து வைக்க வேண்டும்.

எஸ்டபிள்யூஆரில் ஒரு ஏமாற்று இருக்கிறது. எண் கூடினால் கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீர் புகுந்த நீளமான கேபிள், திரும்பி வரும் சக்தியையும் தானே விழுங்கிவிடும். அப்போது மீட்டரில் எண் முன்பைவிடக் குறைவாக, நல்லதாகத் தெரியும். உண்மையில் சக்தி ஆன்டெனா வரை போயிருக்காது. எனவே எண் காரணமில்லாமல் குறைந்தாலும் கேபிளைச் சோதிக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

இறக்கக்கூடிய கம்பம் என்றால் காற்று தொடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். காற்றடிக்கும்போது ஏறி இறுக்கப் பார்ப்பது ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன, செல்போன் சேவையும் முடங்கியது. அப்படிப்பட்ட நேரத்துக்காகக் கம்பி டைபோல் ஒன்றைச் சுருட்டி, கயிறு, பேட்டரியோடு ஒரு பையில் வைத்திருந்தால், டவரே விழுந்தாலும் புயல் ஓய்ந்த பிறகு மீண்டும் பேசத் தொடங்கிவிடலாம்.

ஆன்டெனா மின்கம்பி மேல் விழுந்துவிட்டால் கிட்டே போகாதீர்கள். கேபிளையும் கருவியையும் தொடாதீர்கள். யாராவது மாட்டிக்கொண்டிருந்தாலும், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை அவரைக் கையால் இழுக்கக் கூடாது. உதவப் போனவரும் சிக்கிக்கொள்வார். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-ஐ உடனே அழைக்க வேண்டும்.