மூளை வரைபடச் சோதனை

மூளை வரைபடச் சோதனை என்பது, ஒரு நிகழ்வின் நினைவு ஒருவரிடம் பதிந்துள்ளதா என்று அவருடைய மூளை மின் அலைகளைக் கொண்டு அறிய முயலும் தடயவியல் முறை. இந்தியக் காவல் துறையில் 'பிரெயின் மேப்பிங்' என்று வழங்குகிறது.

செயல்முறை: தலைத்தோலில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வர். எதிர்பாராத, ஆனால் தமக்குப் பொருளுள்ள ஒன்றைக் காணும்போது சுமார் 300 மில்லி விநாடியில் எழும் 'பி-300' அலை 1965இல் விவரிக்கப்பட்டது. மேல்நாட்டுச் சோதனைகள் அதை நம்பி எழுந்தவை. பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த சி. ஆர். முகுந்தன் 'பியோஸ்' என்ற முறையை உருவாக்கினார். இதில் சோதிக்கப்படுபவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. கண்மூடி அமர்ந்து, குற்றம் பற்றிய வாக்கியங்களைக் கேட்டாலே போதும். அறநெறிச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. பேசாமல் இருக்கும் உரிமை வாய்க்கு மட்டுமா, மூளைக்கும் உண்டா?

வரலாறு: குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்பாவிட்டாலும் இத்தகைய சோதனைகளை நடத்தலாம் என்று 2004இல் மும்பை உயர் நீதிமன்றமும் 2006இல் சென்னை உயர் நீதிமன்றமும் கருதின. 2008இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் 'பியோஸ்' முடிவையும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இம்முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறியது.

5 மே 2010 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. நார்கோ (மருந்து செலுத்தி விசாரிப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை வரைபடம் ஆகிய மூன்றையும் கட்டாயமாக நடத்துவது அரசியலமைப்பின் 20(3) (தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தாமை), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது என்றது. ஒப்புதலை வழக்கறிஞர் துணையோடு நீதித்துறை நடுவர் முன் பதிய வேண்டும். ஒப்புதலோடு நடத்தினாலும் சோதனை முடிவே சான்றாகாது. அதன்வழி பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோதான் சான்றாகலாம். பீகார் வழக்கொன்றில் ஜூன் 2025இல் உச்ச நீதிமன்றம் இந்நிலையை மீண்டும் உறுதி செய்தது.

தொடரும் சிக்கல்கள்: மறுத்தால் குற்றவாளி என்றே எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி, காவலில் இருப்பவர் தரும் ஒப்புதலை முழு மனதோடு தந்ததாகக் கொள்ள முடியாது. தீர்ப்பு எழுந்ததோ குற்ற விசாரணையை ஒட்டி. ஆனால் அதற்கு வெளியேயும் மூளைத் தரவு திரட்டப்படலாம்: மூளை அலைகளைப் பதியும் தலைப்பட்டைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. சிலி நாடு 2021இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து பெறும் தகவலுக்கும் பாதுகாப்பு அளித்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூளைத் தரவைத் தனியாக வகைப்படுத்தவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் மௌனத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, கடையில் தலைப்பட்டை வாங்கும் மாணவருக்கும் கிடைக்க வேண்டும்.