வாக்குக் கணக்கும் நாயாற்றுக் கரையும்

தேர்தல் முடிந்த மறுநாள் பத்திரிகைகள் ஒரு படத்தை அச்சிடுவது வழக்கம். இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களும் அப்படத்தில், முதலிடம் பெற்ற வேட்பாளரின் நிறத்தில் தீட்டப்பட்டிருக்கும். 2019 நவம்பர் 16 ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலுக்குப் பின் வெளிவந்த படத்தில் வடக்கும் கிழக்கும் ஒரு நிறமாகவும், தெற்கின் பெரும்பகுதி மற்றொரு நிறமாகவும் நின்றன. அதனைக் கண்டு, இது இரண்டு நாடு என்றனர் சிலர். தமிழர் என்றும் ஒரே பக்கம் சாய்பவர் என்றனர் வேறு சிலர். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பர் 14 ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. இரண்டு நாடு கண்டவர்களிற் பலர் உடனே ஒரே நாட்டைக் கண்டு மகிழ்ந்தனர். இவ்விரு வாசிப்புகளுமே அவசர வாசிப்புகள் என்பது எமது கருத்து.

தேர்தல் முடிவு ஒரு சரித்திர ஆவணம். கல்வெட்டை ஆராய்பவன் அதிலுள்ள எழுத்தைப் படித்ததோடு நின்றுவிடுவதில்லை. அதை வெட்டுவித்தவர் யார், எந்த ஆட்சியில் வெட்டப்பட்டது, எந்த வரிகள் சிதைந்து போயின என்றெல்லாம் கேட்கிறான். வாக்குக் கணக்கைப் படிப்போரும் இவ்வாறு மூன்று கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். பதிவு செய்யப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் வாக்களித்தோர் எத்தனை பேர்? வாக்களிக்காதவர்கள் ஏன் வாக்களிக்கவில்லை? வாக்களித்தவர்களின் முன் வைக்கப்பட்ட தெரிவுகள் எவை? இம்மூன்றையும் விடுத்து வீதங்களை மாத்திரம் ஒப்பிடுவது, சிதைந்த கல்வெட்டின் எஞ்சிய எழுத்துக்களைக் கொண்டு முழு வரலாறும் எழுதுவதைப் போன்றது.

வன்னியை எடுத்துக்கொள்வோம். மக்கள் வழக்கில் வன்னிப் பெருநிலம் என்பது கிளிநொச்சியையும் உள்ளடக்கியது. தேர்தல் சட்டத்தின் வன்னியோ வேறு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று தொகுதிகள் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சியின் வாக்குகள் யாழ்ப்பாணத்தோடு எண்ணப்படுகின்றன. முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து நாயாற்றை அடையலாம். களப்பும் கடலும் கூடும் அக்கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வோர் அளிக்கும் வாக்கு முல்லைத்தீவுத் தொகுதியின் மொத்தத்திற் கரைந்து, பின்னர் வன்னியின் மொத்தத்திற் கரைந்து, ஈற்றில் நாட்டின் மொத்தத்திற் கரைந்துவிடுகிறது. நாயாறு என்ன சொல்லிற்று என்பதை எந்த அறிவித்தலும் தனியே கூறுவதில்லை. ஆயினும் அக்கரையில் நிகழ்ந்தவற்றை அறிந்தால் அந்த மொத்தங்களின் பொருள் ஓரளவுக்கேனும் துலங்கும்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நாட்டின் அதிகாரத்தைத் தனி ஒருவர் கையில் குவித்தது. அதன் ஆபத்தை இடதுசாரித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா தமது இறுதிக் காலத்தில் விரிவாக எடுத்துரைத்தார். அவ்வமைப்பின் கீழான முதலாவது சனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 இல் நடைபெற்றது. ஜே. ஆர். ஜயவர்த்தனா 52.91 வீத வாக்குகளுடன் வென்றார். யாழ்ப்பாண மாவட்டம் ஒன்றே அவருக்கு முதலிடம் தர மறுத்தது. அங்கே குமார் பொன்னம்பலம் முதலாவதாக வந்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. இரண்டாவதாக வந்தவர் சிறீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இனத்தை மாத்திரம் கொண்டு பார்த்தால் இது விளங்காது. 1970 க்கும் 1977 க்கும் இடையில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் வடபகுதிக் கமக்காரன் நிமிர்ந்து நின்றான். 1977 க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டபோது அவனுடைய விளைச்சலுக்கு விலையில்லாமற் போயிற்று. கொப்பேகடுவ முன்னைய ஆட்சியின் விவசாய அமைச்சர். தமிழ்க் கமக்காரன் ஒருவன் சிங்கள வேட்பாளர் ஒருவருக்கு அளித்த அவ்வாக்கிலே தோட்டத்தின் கணக்கும் இருந்தது. வன்னியில் ஜயவர்த்தனா முதலிடம் பெற்றபோதிலும் அவருக்குக் கிடைத்தது பாதிக்கும் குறைவே.

அந்தத் தேர்தலின்போது நாயாற்றுக்குத் தெற்கேயுள்ள கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தங்கள் ஊர்களில் வாழ்ந்தனர். அடுத்த தேர்தலில் அவர்கள் அகதிகள். 1984 டிசம்பர் முதலாம் திகதி கொக்கிளாயிலும் நாயாற்றிலும் தொழில் செய்திருந்த சிங்கள மீனவக் குடும்பங்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் தாக்கிக் கொன்றனர். அதே மாதத்தில் அப்பகுதித் தமிழ்க் கிராமங்களின் மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர். கடலையன்றி வேறு கதியில்லாத ஏழைகளே இரு தரப்பிலும் பலியாயினர். இக்கரையின் வாக்கு வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டு கொடுமைகளில் ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்லுவாராயின், அவர் வரலாறு எழுதுபவராகார்.

1988 டிசம்பர் 19 ஆம் திகதித் தேர்தல் துப்பாக்கிகளின் நிழலிலே நடந்தது. வடக்கில் இந்தியப் படையும் புலிகளும் போரிட்டுக்கொண்டிருந்தனர். தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி வாக்களிப்போரை அச்சுறுத்தியது. நாடு முழுவதிலும் வாக்களித்தோர் 55 வீதமளவினரே. தெற்கின் சில மாவட்டங்களில் மிகச் சிறுபகுதியினரே வாக்குச்சாவடிக்குச் சென்றனர். வாக்குரிமை பறிபோவது தமிழருக்கு மாத்திரம் நேர்ந்த விதியல்ல என்பதை அவ்வாண்டின் கணக்கு காட்டுகிறது.

1994 நவம்பர் 9 ஆம் திகதித் தேர்தலை இன்றும் பலர் மேற்கோள் காட்டுவர். சமாதானம் பேசி வந்த சந்திரிகா குமாரதுங்க நாடு முழுவதிலும் 62.28 வீதம் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்திலோ 96 வீதம் பெற்றார். எத்தகைய ஒருமைப்பாடு என்று வியக்கத் தோன்றும். ஆனால், அம்மாவட்டத்திற் பதிவு செய்யப்பட்டோரில் வாக்களித்தவர்கள் 3 வீதத்தினர் மாத்திரமே. அரச கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளின் வாக்கு அது. எஞ்சிய 97 வீதத்தினரின் மௌனத்துக்கு எவரும் நிறம் தீட்டவில்லை. வன்னியிலும் சந்திரிகாவே பெருவெற்றி பெற்றார். ஐந்து ஆண்டுகளின் பின், 1999 டிசம்பர் 21 இல், அதே வன்னி ரணில் விக்கிரமசிங்கவை முதலிடத்தில் வைத்தது. இடையில் நிகழ்ந்தது போர். சமாதானம் தருவதாக வந்தவர் போரைத் தந்தபோது, வாக்களிக்க வாய்த்தவர்கள் தம் தீர்ப்பை மாற்றினர். என்றும் ஒரே பக்கம் சாய்பவர் என்ற கூற்று இங்கேயே பொய்த்துவிடுகிறது.

2005 நவம்பர் 17 ஆம் திகதித் தேர்தலைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. மகிந்த ராஜபக்ச 48,87,152 வாக்குகளும் ரணில் விக்கிரமசிங்க 47,06,366 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 1,80,786. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரில் வாக்களித்தவர்கள் 8,524 பேர். கிளிநொச்சித் தொகுதியில் அளிக்கப்பட்டது ஒரேயொரு வாக்கு. ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்துப் பதினொரு மாதங்களே கடந்திருந்த வேளை அது. வீடும் வள்ளமும் வலையும் இழந்த மக்களுக்கு, யார் ஆட்சிக்கு வருவார் என்பதில் அக்கறையில்லை என்று அவர்கள் சார்பில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்கள் புலிகளும் அவர்களை அநுசரித்து நின்ற அரசியலாளருமே. மக்களிடம் எவரும் கேட்கவில்லை. தமிழர் புறக்கணித்ததால் வரலாறு திரும்பிற்று என்று பின்னர் எழுதப்பட்டது. கணக்குச் சரி, எழுவாய் பிழை. புறக்கணிப்பு என்பது தானாக எடுக்கும் முடிவு. இங்கு நிகழ்ந்தது தடுப்பு. அதன் விலையைப் பின்னர் செலுத்தியவர்கள் தடுக்கப்பட்ட அம்மக்களே.

போர் 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையில் முடிந்தது. எட்டு மாதங்களின் பின், 2010 சனவரி 26 இல், போரை நடத்திய சனாதிபதியும் அப்போரில் இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய சரத் பொன்சேகாவும் வாக்குக் கேட்டு வந்தனர். வன்னி தன் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கைப் பொன்சேகாவுக்கு அளித்தது. இது என்ன விசித்திரம் என்று தூரத்திலிருந்தோர் நகைத்தனர். நகைப்பதற்கு முன் வாக்களித்தோரின் தொகையை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். வன்னியில் ஏறத்தாழ 40 வீதம். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ கால் பங்கு. முகாமிலிருந்தும் தறப்பாள் கொட்டிலிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஒருவரை அகற்றுவதற்கு மற்றொருவர் பெயருக்கு நேரே புள்ளடி இடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவ்வாக்கைப் பொன்சேகாவுக்கான ஆதரவு என்று கொள்ளுவது பேதைமை.

2015 சனவரி 8 இல் வன்னியின் வாக்களிப்பு 70 வீதத்தைக் கடந்தது. மைத்திரிபால சிறிசேன அங்கே 78 வீதம் பெற்றார். நாடளாவிய வித்தியாசம் 4,49,072. உடனே, வடக்குக் கிழக்கு வாக்குகளாலேயே சனாதிபதி தோற்றார் என்ற குரல் தெற்கில் எழுந்தது. அப்படியாயின் சிறிசேனவுக்குக் கிடைத்த 62 இலட்சம் வாக்குகளில் பெரும்பகுதியை அளித்த சிங்கள மக்கள் எங்கே போயினர்? ஒரு வாக்கு வேண்டாதவரைத் தோற்கடிக்கும்போது அதன் இனம் கேட்கப்படுகிறது. வேண்டியவரை வெல்லச் செய்யும்போது அது மக்கள் தீர்ப்பாகிறது.

இனி 2019 இன் நிறப்படத்துக்கு வருவோம். சஜித் பிரேமதாச வன்னியில் 82 வீதமும் முல்லைத்தீவுத் தொகுதியில் 86 வீதமும் பெற்றார். இந்த 86 வீதத்துக்குள் நாயாறு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஆகவே சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களிலிருந்து மீனவர் பருவந்தோறும் இங்கு வந்து வாடி அமைப்பது நெடுங்கால வழக்கம். போருக்குப் பின் அவ்வருகை பெருகிற்று. அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேலான படகுகளும், வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கும் முறையும் தம் தொழிலை அழிப்பதாக உள்ளூர் மீனவர் முறையிட்டு வீதிக்கு இறங்கினர். 2018 ஓகஸ்ட் 13 ஆம் திகதி இரவு நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்தன. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், நாயாற்றருகே நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் விகாரை அமைத்திருந்த பிக்கு ஒருவர் காலமானபோது, உடலை வேறிடத்தில் தகனஞ் செய்யுமாறு முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளையை மீறிக் கோயிலின் தீர்த்தக் கேணியருகே தகனம் நடந்தது. தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதங்கூட இருக்கவில்லை. நீதிமன்றத்தின் சொல்லுக்கே மதிப்பில்லாத இடத்தில் வாழும் ஒருவன், படைபலத்தை முன்னிறுத்தி வாக்குக் கேட்டவருக்கு எதிராக வாக்களித்ததில் விளங்காதது யாது? அவ்வாக்கில் இனம் இருந்தது, கடலும் இருந்தது, சட்டத்தின் முன் சமமாக நிற்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. நிறப்படம் முதலாவதை மாத்திரமே காட்டிற்று.

அந்த 82 வீதம் சஜித் பிரேமதாசவின் சொத்தாக இருக்கவில்லை என்பதை 2024 செப்டெம்பர் 21 காட்டியது. வன்னியில் அவர் ஏறக்குறைய 44 வீதத்துக்கு இறங்கினார். ரணில் விக்கிரமசிங்க 24 வீதமும், தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 17 வீதமும், அநுர குமார திசாநாயக்க 10 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் பெற்றனர். இரண்டு மாதம் கழியுமுன் நிகழ்ந்த பாராளுமன்றத் தேர்தலில் திசாநாயக்கவின் அணி தன் பங்கை ஏறத்தாழ இரட்டித்து, வன்னியின் 6 ஆசனங்களில் 2 ஐப் பெற்றது. முதலிடம் என்ற சொல் பெரிது. அதன் பின்னால் நிற்பது ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய நான்கு பங்கும் பல கட்சிகளிடையே சிதறிக் கிடந்தது. ஆகவே இதனை இனப்பிரச்சினையின் முடிவு என்று கொண்டாடுவதற்கும் ஆதாரம் இல்லை. ஏமாந்த மக்களின் தடுமாற்றம் என்று இகழ்வதற்கும் ஆதாரம் இல்லை.

அதே தேர்தல் வேறொரு பாடத்தையும் தருகிறது. எவரும் பாதியைத் தாண்டாமையால் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதலிருவரைத் தவிர்ந்த வேட்பாளர்களுக்குக் கிடைத்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து திசாநாயக்கவுக்கு 1,05,264 வாக்குகளும் பிரேமதாசவுக்கு 1,67,867 வாக்குகளும் சேர்ந்தன. மீதி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் இறுதிக் கணக்கில் எவருக்கும் சேரவில்லை. மூன்று விருப்பங்களைக் குறிக்கச் சட்டம் இடந்தந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவ்வுரிமையை மக்கள் பெரிதும் பயன்படுத்தவில்லை. சிறுதொகையினரான மக்களுக்குப் பேரம் பேசும் வலுவைத் தரக்கூடிய கருவி அது. தம் கொள்கைக்கு முதல் வாக்கையும், வரக்கூடிய ஆட்சிக்கு இரண்டாம் வாக்கையும் அளிப்பதற்கு அது வழி செய்கிறது. இதனை வகுப்பறையில் கரும்பலகையிற் போட்டு விளக்க ஒரு பாடவேளை போதும்.

1994 முதல் வேட்பாளர் பலர் இந்தத் தனியாட்சிப் பதவியை ஒழிப்பதாக வாக்களித்து, வென்றபின் அதிலேயே அமர்ந்தனர். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி ஒருவரைத் தெரியச் செய்யும் இம்முறையில், நாயாற்று மீனவனின் வாடியும் வலையும் எண்ணிக்கைக்குள் மறைந்துபோவது இயல்பே. அப்பதவி இருக்கும்வரை அதன் தேர்தல்களைச் சரியாகப் படிக்கவேனும் நாம் பழகுதல் வேண்டும். அடுத்த முறை முடிவுகள் வெளிவரும்போது ஆசிரியர்கள் மாணவரை நிறப்படத்தின் முன் நிறுத்தாமல், பதிவு செய்யப்பட்டோர், வாக்களித்தோர் என்ற இரு நிரல்களின் முன் முதலில் நிறுத்துவாராக. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் யார் யார் இருக்கின்றனர், அவர்களை அங்கே வைத்தது எது என்று மாணவர் கேட்கத் தொடங்கட்டும்.