கோதுமையைத் தவிர்ப்பவர்கள் சத்து மாத்திரை வாங்கும் முன்...

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எந்நேரமும் களைப்பு. கிளினிக்கில் சோதித்தால் "இரத்தம் குறைவு" என்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டிலும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எனச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தாலும் இரத்த அளவு பழைய இடத்திலேயே நிற்கிறது. தோட்டத்திலும் பட்டணத்திலும் பல பெண்களுக்கு இது பழகிப்போன கதை.

இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ராய் ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற பசையப் புரதம் குடலுக்குள் சென்றதும் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அந்தச் சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சாப்பிடும் சத்தும் விழுங்கும் மாத்திரையும் முழுமையாக உடலில் சேராமல் போய்விடுகின்றன.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1940களில் வெளிக்கொணர்ந்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. மலேசியாவில் நலமாக இருந்த 562 இளையர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோரின் இரத்தத்தில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன.

இந்நோய்க்கு மருந்து கிடையாது. குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுவதும் விடுவதே வழி. அப்படி விட்டவர்களுக்குச் சத்து மாத்திரை தேவைப்படுவது உண்டு. ஆனால் மாத்திரை வாங்குவது கடைசிப் படி. அதற்கு முன் இரண்டு படிகள் உள்ளன.

முதல் படி: கோதுமையை விடும் முன் பரிசோதனை

வயிறு உப்புகிறது என்று தாங்களாகவே ரொட்டி, சப்பாத்தியை நிறுத்திவிட்டு, பிறகு மருத்துவரைப் பார்ப்போர் பலர். இது தவறான வரிசை. சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும், குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும், ஒருவர் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவைத் தரும். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையைத் தொடர்வதிலும் ஆபத்து உண்டு. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் இரத்த அளவு குறைவாகவே இருக்கும். ஆனால் அவர்களில் பலருக்கு இரும்புச்சத்து போதுமான அளவில் இருக்கும். அத்தகையவர்களுக்கு இரும்பு மாத்திரை பயன் தராது. தேவையில்லாமல் நீண்ட நாள் எடுத்தால் கெடுதலும் வரலாம். ஆகவே ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இரண்டாம் படி: எந்தச் சத்து குறைகிறது?

சிறுகுடலின் தொடக்கப் பகுதியே இந்நோயால் முதலில் பாதிக்கப்படுகிறது. இரும்புச்சத்து பெரும்பாலும் அங்குதான் உறிஞ்சப்படுகிறது. இரத்தக் குறைவு முன்னால் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். அடுத்து ஃபோலேட், கால்சியம், வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவை குறையலாம். கால்சியமும் வைட்டமின் டியும் நெடுநாள் குறைந்தால் எலும்பு தேய்ந்து, சிறு விழுதலிலும் முறியும் நிலை வரும்.

பி12 வைட்டமின் குறைவுக்கு நம்மவர்களிடம் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. இந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. எனவே சைவ உணவுக்காரர்களுக்குக் குறையலாம். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் குறையலாம். பி12 குறைவு இருப்பது தெரியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் எடுத்தால் இரத்தப் பரிசோதனை சீராகத் தெரியும். உள்ளே நரம்புப் பாதிப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். கை கால் மரத்துப்போகும்போதுதான் தெரியவரும்.

ஆகவே "எல்லாம் கலந்தது" என்று விளம்பரம் செய்யப்படும் விலையுயர்ந்த மாத்திரையைவிட, பரிசோதனையில் குறைந்திருக்கும் ஒன்றிரண்டு சத்துகளை மட்டும் வாங்குவது பணத்துக்கும் உடலுக்கும் நல்லது.

புழுங்கலரிசி சொல்லும் பாடம்

கோதுமையை விட்டவர்களில் பலர் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசிக்கும் மீகூனுக்கும் மாறிவிடுகிறார்கள். இதனால் நார்ச்சத்தும் பி1 போன்ற பி வகை வைட்டமின்களும் குறைகின்றன.

இதற்கு இந்நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது கடுமையாகத் தாக்க, புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினர். இதைக் கவனித்து எழுதியவர் மருத்துவர் லெனார்ட் பிராடன். அவருடைய நூல் 1907இல் வந்தது. கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் 1905இல் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதல் பிரிவில் பலர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோய் ஏறக்குறைய இல்லை. நெல்லை அவிக்கும்போது உமிப்பக்கமுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

எனவே புழுங்கலரிசி, கேழ்வரகு, கம்பு, உளுந்து, பயறு வகைகள் ஆகியவற்றைத் தட்டில் சேர்த்தால் மாத்திரையின் தேவை குறையலாம். இவை எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. மாவாக வாங்கும்போது கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைக்கப்பட்டதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைக்குள் குளூட்டன் இருக்குமா?

வைட்டமினில் குளூட்டன் இல்லை. மாத்திரைக்கு உருவம் கொடுக்கச் சேர்க்கும் மாவுப்பொருளில்தான் வரக்கூடும். பெரும்பாலான நிறுவனங்கள் சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி மாவைப் பயன்படுத்துகின்றன. கோதுமை மாவுப்பொருள் அரிது.

அளவைப் பார்த்தாலும் பயம் குறையும். சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவான குளூட்டனைத் தாங்குவர். ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் இருக்கிறது. கோதுமை மாவுப்பொருள் சேர்த்த மாத்திரையில்கூட அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்காது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2017ஆம் ஆண்டுக் கணிப்பு. ஆகவே மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைக் குளூட்டன் பயத்தால் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மருந்தாளரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

உண்மையான ஆபத்து, கரண்டிக் கணக்கில் எடுக்கும் பொருள்களில் இருக்கிறது. "சத்துக்கு நல்லது" என்று வீட்டில் கலக்கிக் கொடுக்கும் மைலோ, ஹார்லிக்ஸ் இரண்டிலும் பார்லி மால்ட் உண்டு. ஹார்லிக்ஸில் கோதுமையும் சேர்கிறது. மால்ட் சாறு கலந்த டானிக்குகள், பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் பி வைட்டமின் மாத்திரைகள் ஆகியவற்றிலும் பார்லி கலந்திருக்கலாம். பார்லிப் புல், கோதுமைப் புல் தூள்களில், புல்லில் குளூட்டன் இல்லாவிட்டாலும், அறுவடையில் விதை கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. கோதுமை முளை எண்ணெயில் செய்த வைட்டமின் ஈ வில்லைகளுக்குப் பதில் வேறு எண்ணெயில் செய்தவற்றை எடுக்கலாம்.

பெட்டியில் என்ன பார்ப்பது?

மலேசியாவில் விற்கப்படும் வைட்டமின் மாத்திரை, வில்லைகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் எம்ஏஎல் என்ற மூன்று எழுத்துகள், எட்டு இலக்கங்கள், இறுதியில் என் என்ற எழுத்து ஆகியவை இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல பொருள்களில் இந்த எண் இல்லை. சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கு சத்து மாத்திரைகளுக்கு விற்பனைக்கு முன் அரசாங்க அனுமதி தேவையில்லை என்பதால், அங்கிருந்து வாங்கி வருபவர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

பதிவு எண் இருப்பதால் மட்டும் அது குளூட்டன் இல்லாத பொருள் ஆகிவிடாது. அதற்கு "குளூட்டன் ஃப்ரீ" அல்லது மலாயில் "பெபாஸ் குளூட்டன்" என்ற வாசகத்தைத் தேட வேண்டும். அனைத்துலக அளவுகோலின்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்கே அந்தப் பெயர் பொருந்தும். அந்த வாசகம் சத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மலாய் மொழியில் "கந்தும்" என்றால் கோதுமை. "கஞ்சி" என்றால் மாவுப்பொருள். "கஞ்சி ஜாகுங்" சோள மாவு, அதனால் பாதகமில்லை. எந்தத் தானியம் என்று சொல்லாமல் "கஞ்சி" என்று மட்டும் இருந்தால் மருந்தாளரிடம் கேட்க வேண்டும். தூள், பானம் போன்ற உணவுப் பொருள்களில் கோதுமை, பார்லி, ராய், ஓட்ஸ் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் உள்ளது.

மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவ உணவுக்காரர்களும் வில்லையின் உறையையும் பார்க்க வேண்டும். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி ஜெலட்டின் இருக்காது. மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். தாவர உறை என்று குறிப்பிட்டவையும், உறையே இல்லாத மாத்திரைகளும் கிடைக்கின்றன. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அதுவும் வேண்டாம் என்போர் பாசிக்காளானிலிருந்து எடுத்ததைக் கேட்டு வாங்கலாம்.

எடுக்கும் முறை

இரும்பு மாத்திரையைத் தே தாரிக், காப்பியோடு விழுங்கினால் பயன் பெரிதும் குறையும். எலுமிச்சைச் சாறு, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்தால் நன்கு சேரும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சீலியாக் நோயாளிகளிடம் தைராய்டு குறைபாடும் அதிகம் காணப்படுகிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும்.

வைட்டமின் டியைப் பொறுத்தவரை, மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கருவுற்றவர்கள் வைட்டமின் ஏ உள்ள மாத்திரைகளைத் தாங்களாக வாங்கக் கூடாது. இரும்பு மாத்திரைகள் குழந்தைகளுக்கு நஞ்சாகலாம், கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

குளூட்டனை முழுமையாக விட்டால் குடல் மெல்ல ஆறுகிறது. பெரியவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். குடல் ஆறினால் சத்துகள் உணவிலிருந்தே சேரத் தொடங்கும். அப்போது மாத்திரைகளைக் குறைக்கலாமா என்று இரத்தப் பரிசோதனை சொல்லும்.

அதன் பிறகும் இரத்தம் ஏறவில்லை என்றால், மாத்திரையை மாற்றும் முன் சமையலறையைப் பார்க்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். கிச்சாப்பில் கோதுமை உண்டு. ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. உணவகத்தில் ரொட்டி சானாய் போடும் அதே கல்லில் வார்த்த தோசையிலும் மாவு ஒட்டியிருக்கும். இவை நின்ற பிறகும் மாற்றம் இல்லையென்றால், மறுபடி மருத்துவரிடம் போய் வேறு காரணம் உண்டா என்று கேட்க வேண்டும்.